வண்டியை விற்பதா, மாற்றுவதா? திருவொற்றியூர் சொல்லிக்கொடுத்த பாடம்

பதிவு கொஞ்சம் நீளம். காபியோ டீயோ பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, காவாங்கரையில் இருக்கும் என் அக்கா மகன் புழல் வீட்டுக்கு வந்தான். வழக்கமாக வாசலில் ஹாரன் அடித்துவிட்டு உள்ளே வருபவன், அன்று ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினான். "வண்டி எங்கடா?" என்றேன். "அதப் பத்தித்தான் பேச வந்தேன் மாமா" என்றான்.

எட்டு மாதத்துக்கு முன்னால் கடன் போட்டு ஒரு பழைய வண்டி வாங்கியிருந்தான். எந்தக் கம்பெனி வண்டி என்று இங்கே எழுதமாட்டேன். எழுதினால் கீழே கருத்துப் பகுதியில் சண்டை வரும். 1,40,000 ரூபாய். கல்லூரி நாளிலிருந்து அவன் ஆசைப்பட்ட வண்டி. வாங்கிய இரண்டாவது மாதமே முகம் சுருங்கிவிட்டது. ஜி.என்.டி. ரோட்டில் அறுபதைத் தொட்டால் கை மரத்துப்போகும் அளவுக்கு நடுக்கம். மைலேஜ் இல்லை. பின்சீட்டில் மனைவியால் பத்து நிமிடம் உட்கார முடியவில்லை. இப்போது அந்தப் பெண் ஐந்து மாதம் வேறு.

"மூலக்கடை மெக்கானிக் ஆல்ட்ரேஷன் பண்ணித் தரேங்கிறாரு மாமா. சைலன்சர், ஹேண்டில்பார், சீட்டு, அலாய் வீல் எல்லாம் மாத்தினா 40,000 ஆகும். வித்தா 95,000க்கு மேல போகாதாம். மாத்தட்டுமா, வித்துடட்டுமா?"

நான் அவனுக்கு உடனே பதில் சொல்லவில்லை. வாத்தியார் புத்தி, வேறென்ன? "இதே கேள்விய இருபத்தஞ்சு வருஷத்துக்கு முன்னாடி நம்ம திருவொற்றியூர்ல ஒரு கம்பெனியே கேட்டுச்சு தெரியுமா?" என்று ஆரம்பித்துவிட்டேன். அவனுக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

1.

எண்ணூர் நெடுஞ்சாலையில் என்னிடம் படித்தவர்களுக்கு அந்த ஆலையின் கேட் நினைவிருக்கும். ஷிப்ட் விடும் நேரத்தில் காக்கிச் சட்டையும் டிபன் கேரியருமாகச் சைக்கிள்கள் வரிசையாக வெளியே வரும். உங்களில் பலருடைய அப்பாக்கள் அந்த வரிசையில் இருந்தவர்கள். புல்லட் செய்த என்ஃபீல்டு ஆலைதான் அது.

ராயல் என்ஃபீல்டு இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் பிறந்த கம்பெனி. 1901இலிருந்து மோட்டார் சைக்கிள் செய்தார்கள். 'புல்லட்' என்ற பெயரை 1932இல் வைத்தார்கள். நாம் பார்த்துப் பழகிய புல்லட்டின் வடிவம் 1949இல் வந்தது. அதே காலத்தில் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸ் அதை இறக்குமதி செய்து விற்கத் தொடங்கியது. 1950களின் தொடக்கத்தில், எல்லைப் பகுதிகளில் ஓட்ட இந்திய ராணுவம் அந்த வண்டியைத் தேர்ந்தெடுத்தது. கப்பலில் கொண்டுவருவதைவிட இங்கேயே செய்துவிடலாம் என்று 1955இல் ரெட்டிச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை உருவாக்கின. இடம் திருவொற்றியூர். 1956இல் ஆலை திறந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் செய்த வண்டிகள் 163.

பக்கத்தில் துறைமுகம், ரயில் பாதை, எண்ணூரில் அசோக் லேலண்டு, திருவொற்றியூரிலேயே எம்.ஆர்.எஃப்., விம்கோ தீப்பெட்டி ஆலை. தொழில் தெரிந்த கைகளுக்கு நம் பக்கத்தில் பஞ்சமில்லை.

இங்கிலாந்தில் கதை வேறு மாதிரி போனது. 1960களின் தொடக்கத்தில் அங்கே புல்லட்டை நிறுத்திவிட்டார்கள். 1967இல் ரெட்டிச் ஆலை மூடப்பட்டது. 1970இல் மிச்சமிருந்த உற்பத்தியும் நின்றது. தாய்வீடு மூடியபிறகும் பிள்ளை திருவொற்றியூரில் ஓடிக்கொண்டிருந்தது. 1977இல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே புல்லட்டை ஏற்றுமதி செய்யத் தொடங்கினார்கள். கொல்லன் தெருவிலேயே ஊசி விற்ற கதைதான்!

2.

ஆனால் மாறாமல் இருப்பதற்கும் ஒரு விலை உண்டு.

1980களின் நடுவில் ஜப்பான் கூட்டில் 100 சிசி வண்டிகள் வந்தன. 1984இல் ஓசூரிலிருந்து இண்ட்-சுசூகி. அடுத்த ஆண்டே ஹீரோ ஹோண்டாவும் யமஹா ஆர்.எக்ஸ். 100ம். ஒரு உதை உதைத்தால் கிளம்பும். பெட்ரோலைப் பார்த்துப் பார்த்துக் குடிக்கும். எண்ணெய் ஒழுகாது. என் போன்ற இடைநிலை ஆசிரியர்கள் சங்கக் கடன் வாங்கி அந்த வண்டிகளைத்தான் வாங்கினோம். புல்லட்டைப் பார்ப்போம், ரசிப்போம், வாங்கமாட்டோம். போலீஸ்காரரும் பண்ணையாரும் ராணுவத்திலிருந்து வந்தவரும் ஓட்டும் வண்டி அது என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொள்வோம்.

கம்பெனி சும்மா இருக்கவில்லை. ஜெர்மனியின் சுண்டாப் கம்பெனி நுட்பத்தில் சில்வர் பிளஸ், எக்ஸ்புளோரர், ஃபியூரி என்று சின்ன வண்டிகளைக் கொண்டுவந்தது. 1993இல் டீசலில் ஓடும் புல்லட்டையும் விற்பனைக்கு விட்டது. மோட்டார் சைக்கிளுக்கு டீசல் என்ஜினைப் பூட்டி இப்படித் தொடர்ந்து உற்பத்தி செய்தது உலகத்தில் அபூர்வம். மைலேஜ் பிரமாதம். ஆனால் 6.5 குதிரைத்திறன்தான். மேம்பாலம் ஏறும்போது சைக்கிள்காரரே திரும்பிப் பார்ப்பார்.

இவையும் ஒருவகை ஆல்ட்ரேஷன்தான். பக்கத்து வீட்டுக்காரன் வண்டியைப் பார்த்து நம் வண்டியை மாற்றும் வேலை. எதுவும் நிலைக்கவில்லை.

1990இல் டிராக்டர், வேன் செய்யும் ஐஷர் நிறுவனம் கைகொடுத்தது. 1994இல் அதனுடன் முழுமையாக இணைந்தது. அப்படியும் கரையேறவில்லை. 2000ஆம் ஆண்டு வாக்கில் மாதம் 6,000 வண்டி செய்யக்கூடிய வசதி இருந்தும் 2,000 அளவில்தான் விற்றுக்கொண்டிருந்தது. என்ஜின் கோளாறு, எண்ணெய்க் கசிவு, மின்சாரக் கோளாறு என்று புகார்கள். ஐஷர் நிர்வாகக் குழுவின் மேசைக்கு அந்தக் கேள்வி வந்தது. விற்றுவிடலாமா, மூடிவிடலாமா?

அந்த நாட்கள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனின் அப்பா ஷிப்ட் முடிந்து நேராகப் பள்ளிக்கு வந்தார். கையில் கிரீஸ் கறை போகவில்லை. "சார், பையன பாலிடெக்னிக் வரைக்கும் படிக்கவெச்சிடலாம்னு கணக்குப் போட்டு வெச்சிருந்தேன். கம்பெனிய வித்துடப் போறாங்கன்னு பேசிக்கிறாங்க சார்" என்றார். பெரம்பூர் பி அண்ட் சி மில் மூடி அதிக நாள் ஆகவில்லை. அங்கே வேலை பார்த்தவர்கள் பலர் மூட்டை தூக்கியதையும் வாட்ச்மேன் வேலைக்குப் போனதையும் வடசென்னையில் பார்க்காதவர் இல்லை. ஆலை ஒன்று மூடினால் முதலில் காலியாவது வகுப்பறையின் கடைசி வரிசை. பிள்ளைகள் வேலைக்குப் போய்விடுவார்கள். அவருக்கு என்ன ஆறுதல் சொன்னேன் என்று இன்று நினைவில்லை. உருப்படியாக எதுவும் சொல்லியிருக்க முடியாது.

3.

விற்கவில்லை. ஐஷர் குழுமத்தை வளர்த்த விக்ரம் லாலின் மகன் சித்தார்த்த லால், 'எனக்கு ஒரு வாய்ப்பு கொடுங்கள்' என்று கேட்டு வாங்கினார். முப்பது வயதுகூட ஆகவில்லை. புல்லட் ஓட்டும் ஆள். 2000இல் பொறுப்பேற்றார்.

நான் பாடமாக எடுத்துக்கொள்வது இதற்குப் பிறகு நடந்ததைத்தான்.

வகுப்பில் கரும்பலகையின் நடுவில் ஒரு கோடு போட்டு இரண்டு பக்கமும் எழுதவைப்பேனே, ஞாபகம் இருக்கிறதா? அவர்கள் செய்ததை அப்படி இரண்டு பத்தியாக எழுதலாம். ஒரு பக்கம் குறை. இன்னொரு பக்கம் குணம்.

எண்ணெய் ஒழுகுவது குறை. நடுவழியில் நிற்பது குறை. கிளம்புவதற்குள் கால் வலிப்பது குறை. கனமான வார்ப்பிரும்பு என்ஜின் சீக்கிரம் சூடாவது குறை. ஆனால் அந்த வண்டியின் நிதானம் குணம். நீண்ட பிஸ்டன் ஓட்டம், கனத்த சுழல் சக்கரம், 'டுக் டுக்' என்ற ஓசை, நீர்த்துளி போன்ற பெட்ரோல் டேங்க், அதன்மேல் கையாலேயே இழுத்த பொன்னிறக் கோடுகள் எல்லாம் குணம். அந்தக் கோடுகளைத் தூரிகை பிடித்து ஒரே இழுப்பில் போடும் கைகள் திருவொற்றியூரில்தான் இருந்தன.

குறையை மாற்றினார்கள். குணத்தில் கை வைக்கவில்லை.

ஆஸ்திரியாவின் ஏ.வி.எல். நிறுவனத்தின் உதவியோடு உருவான அலுமினிய என்ஜின் முதலில் வந்தது. 2002இல் அதைத் தண்டர்பேர்டு வண்டியில் வைத்தார்கள். பழைய புல்லட்டில் என்ஜின் தனி, கியர்பாக்ஸ் தனி. இணைப்பு எத்தனையோ அத்தனை கசிவு. 2008க்குப் பிறகு என்ஜின், கிளட்ச், கியர்பாக்ஸ் மூன்றையும் ஒரே கூட்டுக்குள் அடக்கிய புது என்ஜின் வந்தது. செல்ஃப் ஸ்டார்ட் வந்தது. அடிக்கடி டேப்பெட் சரிசெய்யும் வேலை போனது. 2010இல் கடுமையான புகை விதிகள் வர இருந்ததால் பழைய வார்ப்பிரும்பு என்ஜினுக்கு எப்படியும் ஆயுள் முடிந்திருந்தது.

ஒரு கணக்கு சொல்கிறேன். 1949ஆம் ஆண்டு 350 புல்லட்டின் சிலிண்டர் விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓட்டம் 90 மில்லிமீட்டர், கொள்ளளவு 346 சிசி. அறுபது ஆண்டு கழித்து 2009இல் வந்த கிளாசிக் 350இன் புத்தம் புது என்ஜினில்? அதே 70, அதே 90, அதே 346. உள்ளே ஏறக்குறைய எல்லாவற்றையும் மாற்றியவர்கள் அந்த அளவை மட்டும் தொடவில்லை. 2020இல் அடுத்த தலைமுறை என்ஜின் வந்தபோதுதான் அது மாறியது.

கியர் விஷயத்தில் மட்டும் பழைய ரசிகர்களோடு மோத வேண்டியிருந்தது. பழைய புல்லட்டில் வலது காலில் கியர், இடது காலில் பிரேக். மற்ற எல்லா வண்டியிலும் நேர்மாறு. வேறு வண்டி ஓட்டிப் பழகியவன் அவசரத்தில் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதிப்பான். வலது கால் கியர்தான் புல்லட்டின் அடையாளம், அதை மாற்றினால் அது புல்லட்டே இல்லை என்று ரசிகர்கள் வாதாடினார்கள். கம்பெனி அதைக் குறைப் பட்டியலில் போட்டது. இடது காலுக்கு மாற்றியது. எது குறை, எது குணம் என்று பிரிப்பது சில நேரம் சுலபமில்லை. ஓசை கொஞ்சம் அடங்கிவிட்டது என்று குறைப்படுகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

4.

இந்தக் கதையில் விற்பனையும் உண்டு. அதை யாரும் அதிகம் சொல்வதில்லை.

ஜெய்ப்பூரில் புதிதாகக் கட்டியிருந்த ஆலையை மூடி, உற்பத்தியைத் திருவொற்றியூருக்கே கொண்டுவந்தார்கள். நம் ஊருக்கு நல்லது நடந்தது. ஜெய்ப்பூர்த் தொழிலாளி வீட்டில் அன்று என்ன நடந்திருக்கும் என்பதையும் நினைத்துப் பார்க்கவேண்டும். பிறகு, ஐஷர் குழுமம் கையில் வைத்திருந்த ஏறக்குறைய பதினைந்து தொழில்களில் பெரும்பாலானவற்றைக் கைவிட்டார்கள். அந்தக் குழுமத்துக்குப் பெயர் வாங்கித் தந்ததே டிராக்டர்தான். 2005இல் அந்த டிராக்டர் தொழிலையே விற்றார்கள். வாங்கியது நம் சென்னையின் டாஃபே, 310 கோடி ரூபாய்க்கு. டிராக்டர் கெட்டுப்போய் விற்கவில்லை. அது இன்றும் அதே பெயரில் வயலில் ஓடுகிறது. எல்லாவற்றிலும் சுமாராக இருப்பதைவிட ஒன்றிரண்டில் முதலாவதாக இருக்கலாம் என்று விற்றார்கள்.

ஆக, விற்பது தோல்வி, மாற்றுவது வெற்றி என்று இந்தக் கதைக்கு நீதி எழுதினால் அது பாதி உண்மைதான். ஒன்றை மாற்றி வைத்துக்கொள்ள, நன்றாக இருந்த இன்னொன்றை விற்றார்கள்.

முடிவு உங்களுக்குத் தெரியும். கிளாசிக் வந்தபிறகு மாதக்கணக்கில் காத்திருந்து வாங்கினார்கள். 2014இல் ஒரே ஆண்டில் 3 லட்சம் வண்டிகளைத் தாண்டி, உலக அளவில் ஹார்லி டேவிட்சனைவிட அதிகம் விற்றது. 2013இல் ஒரகடத்திலும் 2017இல் வல்லம் வடகாலிலும் புதிய ஆலைகள் திறந்தன.

அதோடு பெரும் உற்பத்தி நம் பக்கத்தை விட்டு ஒரகடத்துப் பக்கம் போய்விட்டது. கம்பெனி பிழைத்தது, வண்டி பிழைத்தது, எண்ணூர் நெடுஞ்சாலையின் ஷிப்ட் கூட்டம் மட்டும் மெலிந்தது. இதையும் சொல்லாமல் விட்டால் நான் வரலாறு சொன்னவன் ஆகமாட்டேன், விளம்பரம் செய்தவன் ஆவேன்.

கையில் கிரீஸ் கறையோடு வந்தாரே, அந்த அப்பா அங்கேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றார். பையன் பாலிடெக்னிக் முடித்தான். இதைப் படித்துக்கொண்டிருப்பான். பெயர் எழுதவில்லைடா, கோபித்துக்கொள்ளாதே. அப்பாவை விசாரித்ததாகச் சொல்.

5.

அக்கா மகனிடம் ஒரு பழைய நோட்டைக் கொடுத்து நடுவில் கோடு போடச் சொன்னேன். "இந்தப் பக்கம் குறை, அந்தப் பக்கம் குணம். எழுது."

முதலில் சிரித்தான். பிறகு எழுதினான். அறுபதில் நடுக்கம் – குறை. செயின் சத்தம் – குறை. மைலேஜ் என்று எழுதிவிட்டு யோசித்தான். "இந்த என்ஜினுக்கு இவ்வளவுதான் குடுக்கும் மாமா" என்று குணத்தின் பக்கம் அம்பு போட்டான். பின்சீட் உயரம், அதுவும் குணம். வண்டியின் கனம், குணம். நெரிசலில் என்ஜின் சூடு, குணம்.

"இப்போ மெக்கானிக் சொன்ன 40,000 ரூபா லிஸ்ட்ட எடு. அதுல எது இந்தக் குறையச் சரிபண்ணும்?"

ரொம்ப நேரம் பார்த்தான். சைலன்சர் சத்தத்தை மாற்றும், அலாய் வீல் தோற்றத்தை மாற்றும், ஹேண்டில்பார் கையை மாற்றி வைக்கும். நடுக்கத்தைத் தொடுவது ஒன்றுகூட இல்லை. திருவொற்றியூரில் வெளியே விட்டுவிட்டு உள்ளே மாற்றினார்கள். நம் பிள்ளைகள் உள்ளே விட்டுவிட்டு வெளியே மாற்றுகிறார்கள்.

சட்டமும் ஒன்று இருக்கிறது. பதிவுச் சான்றில் உள்ள, தயாரிப்பாளர் குறித்துக் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. காதைக் கிழிக்கும் சைலன்சருக்குக் காசு கொடுத்து வாங்கி, பிறகு மாதவரம் ரவுண்டானாவில் அபராதமும் கட்டவேண்டுமா?

"மொதல்ல குறைய மட்டும் சரிபண்ணு. ஒரு மாசம் ஓட்டு. அப்புறம் முடிவு பண்ணு" என்றேன். கெட்டுப்போன வண்டியின்மேல் கோபமாக இருக்கும்போது எடுக்கும் முடிவு சரியாக இருக்காது. மனிதர்கள் விஷயத்திலும் அப்படித்தான்.

வேறொரு மெக்கானிக்கிடம் போனான். செயினும் ஸ்பிராக்கெட்டும் தேய்ந்திருந்தன. என்ஜினை ஃபிரேமோடு பிடிக்கும் போல்ட்டில் ஒன்று தளர்ந்து, புஷ் நசுங்கியிருந்தது. 6,800 ரூபாயில் முடிந்தது. நடுக்கம் போயே போச்சு.

வைத்துக்கொள்வான் என்றுதான் நினைத்தேன். ஒரு மாதம் கழித்து, போன ஞாயிற்றுக்கிழமை வந்தான். "வண்டி இப்போ சூப்பரா இருக்கு மாமா. அதான் விக்கலாம்னு முடிவு பண்ணிட்டேன்" என்றான்.

எனக்குப் புரியவில்லை. அவனே விளக்கினான். "குறைப் பக்கம் காலி. குணப் பக்கம் அப்படியே இருக்கு. அது நெடுந்தூரம் போற வண்டி. நான் தினமும் காவாங்கரையிலேர்ந்து மாதவரம், அப்புறம் அவளக் கூட்டிக்கிட்டு ஆஸ்பத்திரி. வண்டி மேல தப்பில்ல மாமா. எனக்கு இப்போ அது வேண்டிய வண்டி இல்ல."

சோழவரத்துப் பையன் ஒருவன் 1,12,000க்குக் கேட்டிருக்கிறான். மாதம் ஒருமுறை மலைப்பக்கம் போகிறவனாம். சோழவரம் என்றதும் எனக்குச் சிரிப்பு வந்தது. உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் அங்கே ஒரு காலத்தில் மோட்டார் பந்தயம் நடக்கும். வண்டியைக் கழற்றி மாட்டி ஓட்டுவது அந்த மண்ணுக்குப் புதிதல்ல. மாற்றிய பாகம், செலவு, பழைய கோளாறு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வாங்குபவனிடம் கொடுத்திருக்கிறான். அந்த ஒரு காரியத்துக்காகவே அவனைத் தட்டிக்கொடுத்தேன்.

விற்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பணம் வாங்கினோம், சாவி கொடுத்தோம் என்று வந்துவிடாதீர்கள். படிவம் 29, 30 இரண்டையும் பூர்த்திசெய்து ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பெயர் மாற்றம் முடியும்வரை விடாதீர்கள். புழல்காரர்களுக்கு அது செங்குன்றம். கடன் இருந்தால் அதை முடித்த சான்றும் வேண்டும். பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால் நோட்டீஸ் பழைய சொந்தக்காரர் வீட்டுக்குத்தான் வரும்.

வண்டியைக் கொடுத்த அன்று மாலை அவன் போனில் அழைத்தான். "போகும்போது சத்தத்தக் கேட்டுட்டே நின்னேன் மாமா" என்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் இருவரும் பேசாமல் இருந்தோம்.

அவன் எழுதிய நோட்டு என் மேசையில்தான் இருக்கிறது. உங்களுக்கும் ஏதாவது ஒன்று ஏமாற்றம் தந்திருந்தால், வண்டியோ வேலையோ வீடோ, முதலில் ஒரு தாளில் நடுவே கோடு போடுங்கள். இரண்டு பத்தியையும் நிரப்புங்கள். விற்பதா மாற்றுவதா என்பது அதற்கு அடுத்த கேள்வி.

திருவொற்றியூர் ஆலையில் அப்பாவோ தாத்தாவோ வேலை பார்த்தவர்கள் கீழே எழுதுங்கள். எந்தப் பிரிவு, எந்த வருடம் என்று தெரிந்தால் மகிழ்ச்சி. நான் எழுதியதில் தவறு இருந்தால் தயங்காமல் திருத்துங்கள். வாத்தியார் தப்பு செய்தால் மாணவர்கள் திருத்துவதில் தவறே இல்லை.

அனைவருக்கும் அன்பும் ஆசியும். ஹெல்மெட் போட்டு ஓட்டுங்கள்.

– உங்கள் சார், புழல்